தாம்பூலப் பைக்குள் புளிக் கொய்யா

பழ ஈயின் புழு துள்ளும். நெளியும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பழத்தைக் கீறி, கத்தி நுனியால் அதை எடுத்துத் தட்டில் போட்டால் சற்று நேரம் செத்ததுபோல் கிடக்கும். பிறகு தலையையும் வாலையும் ஒன்றுசேர்த்து வளையமாகும். பிடி விட்டதும் ஒரு சாண் தூரம் எகிறி விழும். முதல் தடவை என் மூக்குக் கண்ணாடியில் வந்து ஒட்டியது. கண்ணாடியைக் கழற்றி, ஒரு குச்சியால் தள்ளிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி மாட்டிக்கொண்டேன். அன்று பகல் முழுக்க கண்ணுக்கு முன்னால் ஏதோ அசைவதுபோலவே இருந்தது.

ஒரு நாளிதழின் செய்தி மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விபத்து, பிணவறை, வெள்ளம் வடிந்தபின் கிடக்கும் மாடுகள் என்று எத்தனையோ படங்களை டீ குடித்துக்கொண்டே பார்த்துப் பக்கத்துக்குத் தேர்வு செய்திருக்கிறேன். அருவருப்பு என்பது எனக்கு இல்லாத குணம் என்று நம்பியிருந்தேன். படங்களுக்கு வாடை கிடையாது என்பது எங்கள் வீட்டுக் கொய்யாப் பழங்களைக் கீற உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

மேனாம்பேட்டில் எங்களுடையது தெருமுனை வீடு. சுற்றுச்சுவர் வளையும் மூலையில் அந்தக் கொய்யா மரம் நிற்கிறது. பாதிக் கிளைகள் தெருவுக்குச் சொந்தம். என் மனைவி வைத்த கன்று. திருமழிசை தாண்டி சாலையோர நர்சரி ஒன்றில் கொய்யாக் கன்று கேட்டாள். “ஃபாரின் கொய்யா மேடம், இந்த ஏரியாவுல யார்கிட்டயும் இருக்காது” என்று கொடுத்தான். அவன் சொன்னதில் பொய் இல்லை. இலை நம்மூர்க் கொய்யாவைவிடச் சிறியது, நுனி கூர்மையானது. பட்டை செம்பழுப்பாக உரிந்து விழும். பழம் எலுமிச்சை அளவு. பழுத்தால் மஞ்சள், உள்ளே வெள்ளைச் சதை. வாசனை நான்கு வீடு தாண்டிப் போகும். அந்த வாசனையை நம்பி வாயில் வைத்தால் பல் கூசி, காது வரை சுருக்கென்று இழுக்கும். மத்திய அமெரிக்காவில் இதைப் பிழிந்து சர்க்கரை சேர்த்துக் குடிக்கிறார்கள் என்று பின்னால் படித்தேன். எங்கள் வீட்டில் யாரும் குடிக்கவில்லை. மனைவி அதற்குப் புளிக் கொய்யா என்று பெயர் வைத்தாள். அத்தோடு சரி.

பழங்கள் பழுத்து, விழுந்து, சிமெண்ட் தரையில் உடைந்து கிடந்தன. முதலில் ஈ வரும், அப்புறம் எறும்பு, சாயங்காலம் வௌவால். வௌவால் சப்பித் துப்பிய சக்கை சுவரெல்லாம் காய்ந்து ஒட்டியிருக்கும். மழைக்காலத்தில் அந்த மூலையில் கள் புளித்த மாதிரி வாடை அடிக்கும். வெட்டிவிடலாம் என்று பலமுறை சொன்னேன். தெருப்பக்கத்து நிழலில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அம்மாவைக் காட்டி, “அது வெயில்ல நிக்கணுமா?” என்பாள் மனைவி. பேச்சு முடிந்துவிடும்.

பிறகு அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, ஊசி வழியாக மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். இரண்டாவது தடவை மருந்து ஏறியதும் நாக்கு செத்துப்போயிற்று. சோறு சுண்ணாம்பு என்றாள். காபி, துருப்பிடித்த தகரத்தை நக்குவதுபோல் இருக்கிறது என்றாள். தாளிக்கும் வாடை வந்தாலே வாந்தி. மருத்துவர் எடை பார்க்கும் கருவியைக் காட்டி என்னிடம் தனியாகச் சொன்னார்: “இன்னும் இறங்கினா அடுத்த மருந்தைத் தள்ளிப் போடணும். தள்ளிப் போடற நிலைமையில இல்ல நாம. என்ன பண்ணுவீங்களோ, சாப்பிட வைங்க.”

என்னென்னவோ செய்தேன். எதுவும் இரண்டு கவளத்தைத் தாண்டவில்லை. ஒரு மத்தியானம் ஜன்னல் வழியாகக் காற்று வந்தபோது படுத்திருந்தவள் தலையைத் தூக்கினாள்.

“அந்தப் பழம் பழுத்திருக்கா?”

“எது?”

“உங்க எதிரி.”

பச்சையாக எதையும் தரக்கூடாது என்பது உத்தரவு. அவள் படுக்கையிலிருந்தபடியே சொல்லச் சொல்ல, நான் சமையலறையில் நின்று செய்தேன். பழங்களை வேகவைத்து, மசித்து, விதை போக வடிகட்டி, புளிக்குப் பதில் அந்தச் சாற்றில் மிளகும் சீரகமும் உப்பும் துளி வெல்லமும் போட்டு ஒரே ஒரு கொதி. தாளிக்கவில்லை. குழைய வைத்த சோற்றில் பிசைந்து கொடுத்தேன். ஒரு வாய் வாங்கியவள் கண்ணை மூடி இருந்தாள். வாந்தி வரப்போகிறது என்று நான் கிண்ணத்தை எடுத்தேன்.

“கிண்ணம் வேண்டாம். நாக்குக்கு ஏதோ தெரியுதுங்க. இன்னொரு வாய் குடுங்க.”

அன்று தட்டைக் காலி செய்தாள். மறுநாளும் செய்தாள். அந்த ரசம் இருந்தால் சாப்பிடுவாள், இல்லாவிட்டால் சாப்பிடமாட்டாள் என்று ஆனது.

புழுவை நான் பார்த்தது அதற்கு அடுத்த வாரம். பழ ஈ காயிலேயே தோலைக் குத்தி முட்டை வைத்துவிடுகிறது. வெளியே தெரிவது ஊசி குத்திய அளவு புள்ளி, அதைச் சுற்றி லேசாக ஈரம் கோத்த தோல். உள்ளே சதை கூழாகி, அந்தக் கூழில் வெள்ளை வெள்ளையாக அவை மூழ்கியும் எழுந்தும் கொண்டிருக்கும். குழைந்த சோற்றுப் பருக்கைக்கும் வெந்த புழுவுக்கும் நிறத்திலும் நீளத்திலும் வித்தியாசம் கிடையாது. இதை எழுதும்போதும் வாயில் உமிழ்நீர் சுரக்கிறது, பசியால் அல்ல.

என் மனைவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குழம்பில் முடி கிடந்தால் பாத்திரத்தையே கவிழ்த்துவிடுகிறவள் அவள். ஒரு கல்யாண வீட்டில் கத்தரிக்காயில் புழுவைப் பார்த்ததிலிருந்து இன்றுவரை கத்தரிக்காய் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. இந்தப் பழத்தில் ஒரே ஒரு புழுவை அவள் பார்த்தால் ரசம் நிற்கும். ரசம் நின்றால் எடை இறங்கும். மற்றதை மருத்துவர் சொல்லிவிட்டார்.

ஆகவே தினமும் காலையில் பின்கட்டுக் குழாயடியில் குந்தி, ஒவ்வொரு பழத்தையும் நான்காகப் பிளந்து, வெளிச்சத்தில் பார்த்து, நல்லதை ஒதுக்கி, கெட்டதை மூடிபோட்ட வாளியில் சேர்த்தேன். வாளிக்குள் அவை மூடியில் மோதும் சத்தம் கேட்கும், லேசான தூறல்போல. சாற்றைப் பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டுவேன். துணியில் தங்கியதைப் பார்க்காமல் உதறப் பழகினேன். கையை எத்தனை முறை கழுவினாலும் விரலிடுக்கில் அந்தப் புளித்த வாடை இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. சப்பாத்திக்கு மாறினேன்.

நல்ல பழம் குறைந்துகொண்டே வந்தது. காய்களுக்குப் பை கட்டினால் ஈ அண்டாது என்று படித்தேன். பைக்கு எங்கே போவது? பரணில் கிடந்தது. பத்திரிகைக்காரனுக்கு வராத கல்யாணப் பத்திரிகை இல்லை. போன இடத்திலெல்லாம் தேங்காயும் வெற்றிலையும் போட்டுக் கொடுத்த தாம்பூலப் பைகள் ஒரு மூட்டை சேர்ந்திருந்தன. எல்லாம் மஞ்சள் நிறம். மணமகன், மணமகள் பெயர், கீழே ‘நன்றி’. காற்று போகும் துணி. ஏணி போட்டு ஏறி, கிளைக்கொன்றாகக் கட்டினேன்.

கீழே இஸ்திரி அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தது.

“இன்னா சார், மரத்துக்குக் கண்ணாலமா? ஊரு பொண்ணு மாப்ள பேரெல்லாம் தொங்குது!”

“பழத்துக்கும்மா. பூச்சி வருது.”

“பூச்சி வராம இருக்க பத்திரிகை வெச்சிக்கினு கீறியா? மொய் எய்தணுமா, சொல்லு.”

முதல் கட்டு தோற்றது. பழுக்கத் தொடங்கிய காய்களுக்குக் கட்டிவிட்டேன். முட்டை ஏற்கெனவே உள்ளே இருந்திருக்கிறது. நடுவில் மழை வேறு. சில நாள் கழித்து ஒரு பையை அவிழ்த்தபோது அது கனத்தது. பழம் இல்லை. பழுப்புக் கூழ், அதன்மேல் சாம்பல் பூசணம். அடி முழுக்க ஒரே அசைவு, உலை கொதிப்பதுபோல. பையின் ஓரம் கசிந்து முழங்கை வரை வழிந்தது. நான் ஏணியிலேயே குமட்டினேன். வேலையில் இருந்தவரை எனக்கு நேராத ஒன்று.

இரண்டாவது முறை பிஞ்சிலேயே கட்டினேன். அது பலித்தது. பைக்குள் பழங்கள் தழும்பில்லாமல் பழுத்தன. சில வாரங்கள் நான் வாளியைத் தொடவில்லை. மனைவி கன்னத்தில் மெல்லச் சதை பிடித்தது. அடுத்த மருந்து குறித்த நாளில் ஏறியது.

அந்த நேரத்தில்தான் என்னுடையதல்லாத பை ஒன்று மரத்தில் தொங்கியது. புதுப் பை, மஞ்சள் கயிற்றில் மூன்று முடிச்சு. அவிழ்த்துப் பார்த்தேன். விரலி மஞ்சள், குங்குமப் பொட்டலம், ஒரு பெண்ணின் பாஸ்போர்ட் அளவுப் படம். இஸ்திரி அம்மாவைக் கேட்டேன்.

“எதிர் ஃபிளாட்டு அம்மா சார். பொண்ணு கம்பூட்டர் வேலை, மாப்ள அமையலையாம். இன்னா மரம் இதுன்னு கேட்டுச்சு. கண்ணாலம் ஆவாதவங்க கட்டுவாங்க, ஆனவங்க பேரு அதுல கீது பாருன்னேன். சும்மா தமாசுக்குச் சொன்னேன் சார்!”

“அது நம்பிடுச்சே.”

“நம்புறவங்க நம்புனா நா இன்னா பண்றது?”

தென்மாவட்டத்திலிருந்து மகளோடு குடிவந்த அம்மா அவர். கட்டிய வாரமே ஒரு வரன் கூடிவந்ததாம். அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போனது; அங்கிருந்து வேலப்பன்சாவடி வரை போனது. மஞ்சள் பை கட்டிய மரம் என்றால் நம் ஜனங்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. செவ்வாயும் வெள்ளியும் வந்தார்கள். சுவர்மேல் சூடம் ஏற்றினார்கள். தாழ்ந்த கிளையின் இலைகள் பொசுங்கின. வேரில் பால் ஊற்றினார்கள். வெயிலில் அந்தப் பால் திரிந்து, மண்ணோடு சேர்ந்து குழந்தை கக்கிய வாடை அடித்தது. பிழிந்த எலுமிச்சைகள் சுவரோரம் கறுத்துச் சுருங்கின. தேங்காய் மூடிக்கு எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது, பூனை மிச்சம் வைத்ததை நான் முறத்தில் அள்ளினேன். ‘மரத்தில் பால் வடிகிறது, பக்தர்கள் பரவசம்’ என்று மாவட்ட நிருபர்கள் அனுப்பும் செய்திகளை எத்தனையோ முறை இரண்டு பத்தியாகக் குறைத்திருக்கிறேன். குறைக்க முடியாதபடி ஒன்று என் வாசலிலேயே கிடந்தது.

‘இது வேண்டுதல் மரம் அல்ல. பழங்களைப் பூச்சியிலிருந்து காக்கவே பை கட்டப்பட்டுள்ளது’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். மறுநாள் காலை அட்டைக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்து, நடுவில் குங்குமப் பொட்டு, மேலே கதம்பம். மறுப்புச் செய்தியை யாரும் படிப்பதில்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதெல்லாம்கூடப் போகட்டும். என் பைகளிலிருந்த பழங்களைப் பிரசாதம் என்று பறித்துப்போகத் தொடங்கினார்கள். எட்டும் கிளைகள் காலியாயின. எட்டாத கிளையில் மிஞ்சியவை போதவில்லை. நான் மறுபடி தரையில் விழுந்த பழங்களைப் பொறுக்கினேன். மறுபடி குழாயடி, மறுபடி வாளி. சாறு நீர்த்துப்போனது. மனைவி இரண்டு வாய் வாங்கிவிட்டுத் தட்டைத் தள்ளினாள். “தகரம் திரும்ப வருதுங்க” என்றாள். அடுத்த எடை பார்க்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அந்த எதிர் ஃபிளாட் அம்மாவே வந்து, மிச்சமிருந்த பைகளில் ஒன்றின் முடிச்சில் கை வைத்தார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

“அம்மா, அதைத் தொடாதீங்க.”

“ஒரே ஒரு பழம் சார். மகளுக்கு நிச்சயம் வச்சிருக்கு. வாயில போட்டுட்டுப் போகட்டும்னு.”

“என் வீட்டுல உடம்பு சரியில்லாதவங்க இருக்காங்க. அவங்களுக்கு வேற எதுவும் இறங்கல. இது அவங்க சாப்பாடு.”

“அப்ப அவுகளுக்கும் சேத்து வேண்டிக்கிடுதேன் சார்.”

“வேண்டாம்மா! பழத்தை விடுங்க, போதும்!”

என் குரல் உயர்ந்துவிட்டது. அதற்குள் அந்த அம்மா முடிச்சை அவிழ்த்துப் பையைக் கைமேல் கவிழ்த்திருந்தார். பால், சூடம், மழை எல்லாம் சேர்ந்து அந்தப் பை எப்போதோ நைந்து கிழிந்திருக்கிறது. கிழிசல் வழியாக ஈ புகுந்திருக்கிறது. உள்ளங்கை நிறைய கூழ் விழுந்தது. அதிலிருந்து ஒன்று எகிறிப் பட்டுப்புடவை மாராப்பில் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது.

அவர் போட்ட சத்தத்துக்கு இஸ்திரி அம்மா பெட்டியைக் கரியோடு கீழே போட்டது. “ஐயே, சாமி புழு வுடுதுடோய்!” என்று அது சிரித்தது. அந்த அம்மா புடவையை உதறி, துப்பி, ஓடினார். நான் திரும்பினேன். தலையில் துணி கட்டிக்கொண்டு, வாசல் நிலையைப் பிடித்தபடி என் மனைவி நின்றிருந்தாள். வாரக்கணக்கில் அறையை விட்டு வராதவள், நான் கத்தியது கேட்டு வந்திருக்கிறாள். சுவர்மேல் சிந்திக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது என்னங்க?”

“புழு.”

“எனக்கு வைக்கிற பழத்துல இருக்கறதா?”

பொய் சொல்ல நேரம் இருந்தது. சொல்ல வரவில்லை. “இருக்கறதை வெட்டி எறிஞ்சிடுவேன். ரெண்டு தடவை வடிகட்டுவேன்.”

அவள் வாசலோரச் சாக்கடைப் பக்கம் குனிந்தாள். வெறும் பித்தம்தான் வந்தது.

அன்று அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. மறுநாள் கஞ்சித் தண்ணீரை நாலு மடக்கு குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் எலுமிச்சை ரசம் வைத்தேன், மாங்காய் வைத்தேன், புளி வைத்தேன். எல்லாம் தகரம். மரத்தில் பாதிப் பைகளை, கட்டியவர்களே வந்து அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார்கள். மிச்சத்தை நான் அறுத்தெறிந்தேன். பழங்கள் கேட்பாரில்லாமல் பழுத்தன. வாசனை ஜன்னல் வழியாக அவள் படுக்கை வரை வந்தது. நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

“திறந்து வைங்க” என்றாள்.

திறந்தேன்.

“எனக்குப் பசிக்குது. ஆனா உங்க கண்ணை நான் நம்ப மாட்டேன். தலைப்புலயே தப்பு விட்டுப் பேப்பர் போட்ட ஆளு நீங்க. நாற்காலியை மரத்தடியில போடுங்க. கத்தி, தட்டு, தண்ணி.”

“நீ பார்க்க வேண்டாம்.”

“பார்க்காமத்தான் தின்னுட்டிருந்தேன். அதுதான் குமட்டுது.”

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நான் மாட்டிவிட்ட கையுறையோடு முதல் பழத்தைப் பிளந்தாள். உள்ளே இருந்தன. முகம் கோணி, கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை மட்டும் எடுக்கவில்லை. கத்தி நுனியால் ஒவ்வொன்றாகத் தள்ளி வாளியில் விட்டாள். நான் தள்ளி நின்றுகொண்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இஸ்திரி அம்மா எட்டிப் பார்த்தது. “எம்மா, அத்தப் போயி தொட்டுக்கினு... சார் பண்ண மாட்டாரா?”

“சார் பண்ணி நான் தின்ன வரைக்கும் போதும்மா.” இன்னொரு பழத்தைக் கையில் எடுத்தாள். “இதுங்களும் என்னை மாதிரிதான். இதைத் தவிர வேற எதுவும் இறங்கல போல.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எதற்காக என்று எனக்குப் புரியவில்லை. நல்ல துண்டுகள் ஒரு கிண்ணம் சேர்ந்தன. அதை நான் வேகவைத்து வடிகட்டியதும், துணியை விரித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். குனிந்து பார்த்து, “இது விதை. இது சக்கை. சரி” என்றாள். மரத்தடியிலேயே சாப்பிட்டாள். தட்டை வழித்தாள்.

அதன்பின் தினமும் அவளே உட்கார்ந்தாள். உட்காரத் தெம்பில்லாத நாட்களில் கட்டிலுக்குப் பக்கத்தில் தட்டை வைத்து வெட்டினாள். வாளியை வெளியே கொண்டுபோய்ப் புதைப்பது என் வேலை. அது எனக்கு இன்றுவரை பழகவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் மண்ணைத் தள்ளுகிறேன்.

எடை பார்க்கும் நாள் வந்தது. கருவியில் ஏறி நின்றாள். நர்ஸ் பெண் முள்ளைப் பார்த்து, முந்தைய குறிப்பைப் பார்த்து, “இறங்கலம்மா, அப்படியே இருக்கீங்க. இன்னிக்கே மருந்து போட்டுடலாம்” என்றது. கைநரம்பைத் தட்டித் தேடிக்கொண்டே கேட்டது:

“எல்லாரும் இந்த நேரத்துல எடை குறைவாங்க. நீங்க என்னம்மா சாப்பிடறீங்க?”

“கொய்யா ரசம்.”

“கொய்யாவுல ரசமா? எப்படி வைக்கறது, சொல்லுங்களேன். மத்த பேஷண்ட்டுக்கும் சொல்றேன்.”

மனைவி ஊசி ஏறாத கையை உயர்த்தி, ஆள்காட்டி விரலை நீட்டினாள். “முதல்ல, பழத்தை நாலா வெட்டி, புழு இருந்தா ஒவ்வொண்ணா எடுக்கணும்” என்று நிதானமாக ஆரம்பித்தாள். அந்தப் பெண்ணின் முகம் மாறுவதைப் பார்த்தேன். அதற்குமேல் கேட்க முடியாமல் எழுந்து வராந்தாவுக்குப் போனேன். உள்ளே அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.